சம்புக் குருவியும் அம்மாவின் பட்டாவும்

அம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு டின் தட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் மஸ்கட்டிலிருந்து முதல் தடவை விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த பால் பவுடர் டின் அது. பவுடர் தீர்ந்த பிறகு ரேஷன் சர்க்கரை போட்டு வைத்திருந்தோம். அந்தச் சர்க்கரையைச் சோற்றுத் தட்டில் கொட்டிவிட்டு, டின்னையும் குழம்புக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சர்க்கரை முழுக்க எறும்பு.

அம்மா மட்டுமல்ல, தெருவில் பாதிப் பெண்கள் குளத்துக் கரையில் நின்று கையில் கிடைத்ததை எல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அலுமினியத் தட்டு, எண்ணெய் டின், அடி ஒடுங்கிய குண்டான். பக்கத்து வீட்டு கோவிந்தராசு மாமா ஒருபடி மேலே போய், கோயில் திருவிழாவுக்கு வாங்கி மிச்சமிருந்த வெடியைக் கொளுத்திப் போட்டார். அது நமத்துப்போயிருந்தது. புஸ்ஸென்று புகைந்ததோடு சரி.

எதிர்க்கரையில் பறவை சார் நின்றார். கழுத்தில் பைனாகுலர், தலையில் துணித் தொப்பி. அவருக்குப் பின்னால் ஒரு ஜீப், அதிலிருந்து இறங்கிய வனத்துறைக்காரர் ஒருவர். இரண்டு பேரும் கரையைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார்கள். தட்டுகிற சத்தம் இன்னும் கூடியது.

"என்னம்மா இது? இப்பதான் நாத்து விட்டுருக்கீங்க. வயல்ல கதிரே இல்லையே. யாரை வெரட்டுறீங்க?" என்று கேட்டார் பறவை சார்.

கோவிந்தராசு மாமாதான் பதில் சொன்னார். "பழக்கி வைக்கிறோம் சார். இப்பவே பயந்து பழகிட்டா, தை மாசம் கதிர் முத்துறப்ப வராது பாருங்க."

நான் அப்போது கும்பகோணத்தில் விலங்கியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். மாமாவின் பதிலைக் கேட்டதும் அப்படியே குளத்தில் இறங்கி முழுகிவிடலாம் போலிருந்தது.

அந்தக் கூத்து ஏன் நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் குருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் குல்லாய்

தூக்கணாங்குருவியை எல்லோருக்கும் தெரியும். ஈச்சமரத்திலும் கிணற்று மேட்டு மரங்களிலும் நீளமாகக் கூடு தொங்கவிடும். சம்புக்குள் கூடு கட்டுவது அதன் பங்காளி. பறவை சார் அதற்குச் சொன்ன பெயர் கருங்கீற்றுத் தூக்கணாங்குருவி. எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட்டதில்லை. சம்புக்குருவி, அவ்வளவுதான்.

சம்பு தெரியாதவர்களுக்காக: தேங்கிய தண்ணீரில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் கோரை. நுனியில் பழுப்பாக, தடித்த மெழுகுவத்தி மாதிரி ஒன்று நிற்கும். அந்தக் காலத்தில் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை வேய வெட்டுவார்கள்.

குருவி, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். கூடு கட்டும் மாதங்களில் ஆணுக்கு உச்சந்தலையில் மஞ்சள் குல்லாய் வைத்ததுபோல் நிறம் ஏறிவிடும். மார்பில் மைக்கோடு இழுத்த மாதிரி கறுப்புக் கீற்றுகள். பெண்ணுக்கு இந்த அலங்காரம் ஒன்றும் கிடையாது. சம்புத் தாள்களின் நுனிகளை இழுத்துச் சேர்த்து, அதிலேயே உருண்டையாகக் கூட்டைப் பின்னும். காற்றடித்தால் கூடும் சம்பும் சேர்ந்து ஆடும். பக்கத்தில் பக்கத்தில் கட்டி, காலையிலிருந்து ஓயாமல் சளசளவென்று பாடிக்கொண்டே இருக்கும். ஆண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பாட ஆரம்பித்தால் கல்யாண வீட்டு சமையல்கட்டுதான்.

கூடு பாதி முடிந்ததும் பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டைப் பார்க்கப் போய்விடும். இதை நான் அண்ணியிடம் சொன்னபோது, "நல்ல வழக்கம்" என்றாள். அண்ணி ஸ்டெல்லா கும்பகோணத்தில் பிறந்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து, குழாய்த் தண்ணீர் இல்லாத எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். அவளை யாரும் வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் குருவி நெல்லும் தின்னும். பால் பிடிக்கும் கதிரைப் பிதுக்கிவிட்டுப் போகும். அதனால் அதன்மேல் எங்கள் ஊரில் யாருக்கும் பெரிய பாசம் கிடையாது. எனக்கும் அப்போது இல்லை.

வராவிட்டால்தான் பயம்

பாபநாசத்திலிருந்து உள்ளே போகும் டவுன் பஸ் கடைசியாகத் திரும்புகிற இடம் எங்கள் ஊர். தெருவுக்குப் பின்னால் தூர்ந்துபோன ஒரு குளம். எப்போதோ வாய்க்கால் அடைபட்டு, மழைத்தண்ணீர் மட்டும் நிற்கும். அப்பா காலத்தில் தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அதைப் பிரித்துக்கொண்டார்கள். எல்லோரும் பண்ணையில் கூலி வேலை செய்தவர்கள். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்தக் குளத்துச் சேறு மட்டும்தான்.

எங்கள் பங்கு நல்ல பள்ளத்தில் விழுந்தது. கரையோரமாக ஒரு கீற்று நெல் போடலாம். மற்றதெல்லாம் சம்பு.

புறம்போக்கு நிலம் என்பதால் வருஷா வருஷம் பி மெமோ வரும். 'நீ அரசு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறாய், தண்டம் கட்டு' என்று அர்த்தம். வேறு ஊர்களில் அது வந்தால் பயப்படுவார்கள். எங்கள் தெருவில் அது வராவிட்டால்தான் பயம். நீ இந்த இடத்தில்தான் இருக்கிறாய் என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ளும் காகிதம் அது ஒன்றுதானே! அம்மா அதையெல்லாம் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

அப்பா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஆரோக்கியமேரி என்ற பேரில் ஒரு பட்டா. அண்ணன் அனுப்பிய பணத்தில் மொசைக் தரை போட்டபோதுகூட அவள் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வழுக்கும்" என்றாள்.

அந்த வருஷம், குளம் தூர்ந்துவிட்டதால் சாகுபடி செய்கிறவர்களுக்கே பட்டா கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. அதே ஆவணியில்தான் பறவை சாரும் வந்து சேர்ந்தார். ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். டெல்டாவின் குளங்களை எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தார். சம்புவைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது கோவிந்தராசு மாமாவிடம், "அருமையான எடம் வச்சிருக்கீங்க. அடுத்த வாரம் வனத்துறையில எனக்குத் தெரிஞ்சவரைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். தெருவில் அன்று பல வீட்டில் உலை வைக்கவில்லை.

காரணம் இருந்தது. கடலோரத்தில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி ஊர்ப் பக்கம் பறவைகளுக்கென்று சரணாலயம் இருந்தது. ஆடு மேய்க்க முடியாது, விறகு பொறுக்க முடியாது என்று சித்தி வந்தபோதெல்லாம் புலம்பிவிட்டுப் போவாள். குருவியைப் பார்த்தார்கள், அதிகாரி வரப்போகிறார், அடுத்தது வேலி. தெருவில் எல்லோரும் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ஃபாதருக்கு மருமகள் இல்லை

மாதா சொரூபத்துக்கு எதிரே தெரு கூடியது. அதிகாரி வருவதற்குள் சம்புவை வெட்டிவிடுவது என்று முடிவானது. சம்பு இல்லாவிட்டால் குருவி இல்லை, குருவி இல்லாவிட்டால் சரணாலயம் இல்லை. வெட்டின இடம் சாகுபடி நிலமாகவும் தெரியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

"எங்க பங்கை வெட்ட மாட்டேன்" என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மருமக மாசமா இருக்கா. கூட்டுல குஞ்சு இருக்கு. இந்த நேரத்துல கூடு கலைக்கக் கூடாது."

இது எங்கள் ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. வீட்டில் ஒருத்தி பிள்ளையுண்டாகி இருந்தால், அந்த வீட்டார் பாம்பைக்கூட அடிக்க மாட்டார்கள். ஓடு மாற்றும்போது அணில் கூடு இருந்தால் ஓட்டை அப்படியே வைத்துவிடுவார்கள். இந்துவும் கிறிஸ்தவரும் இதில் ஒன்று. ஆனால் பட்டா என்று வரும்போதுமா?

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கருவளர்ச்சியைப் பற்றி அந்த வாரம்தான் பரீட்சை எழுதியிருந்தேன். "ஃபாதரே பூசையில இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு சொல்லிருக்காரும்மா" என்றேன்.

"ஃபாதருக்கு என்ன, மருமகளா இருக்கா?" என்றாள் அம்மா.

அண்ணியே சொல்லிப் பார்த்தாள். "அத்தை, எனக்கு ஒண்ணும் ஆகாது. வெட்டிருங்க."

"ஒனக்கு ஆகாது. எனக்கு ஆகும்."

பாபநாசம் கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அண்ணன் வெள்ளிக்கிழமை கூப்பிட்டான். நான் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் அங்கிருந்து கத்தினான். கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே காத்திருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். "நான் இங்க வெந்து சாவுறது எதுக்கு? ஊருல கால் ஊனி நிக்க ஒரு எடம் வேணும்னுதானே? வெட்டச் சொல்லு!"

அம்மா ரிசீவரை வாங்கினாள். "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். அவன் என்ன சொன்னானோ, "சரிப்பா, ஒடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, அவளாகவே ஆரம்பித்தாள். வேளாங்கண்ணிக்குக் கொடி ஏறியிருந்த சமயம். காவி உடுத்திக்கொண்டு நடந்து போகிறவர்களுக்காக பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது.

"ஒங்க அண்ணனுக்கும் ஒனக்கும் நடுவுல ஒருத்தன் இருந்தான்" என்றாள்.

குறை மாதத்தில் இறந்து பிறந்த ஆண் குழந்தை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் சொன்னாள். அம்மா ஐந்து மாதமாக இருந்தபோது பண்ணையிலிருந்து ஆள் வந்தது. மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட வேண்டும், குளத்துச் சம்புவை வெட்டிக் கட்டிக்கொண்டு வா என்று உத்தரவு. இதே குளம், இதே மாதம். கூடு கூடாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று சொல்லலாமா என்று அப்பா வாசலிலேயே நின்று யோசித்திருக்கிறார். அப்படியெல்லாம் பண்ணையில் சொல்ல முடியாது. அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"அதனாலதான் பிள்ளை போச்சுன்னு நெனைக்கிறியாம்மா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒனக்குத்தான் தெரியும், நீதானே படிக்கிறே. ஆனா அன்னைக்கு மாட்டேன்னு சொல்ல முடியல. அது மட்டும் தெரியும்."

 ஊர் வரும்வரை நான் பரீட்சையில் எழுதியதை எடுத்து விடவில்லை. அம்மாமேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் என்னால் அதற்குமேல் சண்டை போட முடியவில்லை.

எல்லாக் குருவியும் எங்கள் வீட்டுக்கு

மற்றவர்கள் வெட்டினார்கள். குளம் மொட்டையடித்த தலை மாதிரி ஆயிற்று. கூடுகளோடு சம்பு கரையில் குவிந்து கிடந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. காக்கைகளுக்குப் பெரிய விருந்து.

எங்கள் பங்கு மட்டும் மூலையில் பச்சையாக நின்றது. யாரும் யோசிக்காத ஒன்று அப்புறம் நடந்தது. கூடு போன குருவிகள் எல்லாம் ஊரைவிட்டுப் போகவில்லை. பெரும்பாலானவை எங்கள் சம்புக்குள் வந்து இறங்கிவிட்டன. இருக்கிற கூட்டுக்கு மேலே கூடு, அதற்குப் பக்கத்தில் கூடு என்று புதிதாகப் பின்ன ஆரம்பித்துவிட்டன. முன்பு குளம் முழுக்கப் பரவிக் கிடந்த சத்தம் இப்போது எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரே இடத்திலிருந்து வந்தது. செவிடனுக்கும் கேட்கும்.

கோவிந்தராசு மாமா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்னக்கா இது? நாங்க வெட்டி வெரட்டினா எல்லாத்தையும் நீ கூட்டி வச்சிருக்க. வர்ற அதிகாரி ஒன் எடத்துல வந்துதானே நிப்பான்? நீ மட்டும்தானே மாட்டுவ?"

அதுதான் உண்மை. தெருவே தப்பித்து, அம்மா மட்டும் மாட்டிக்கொண்டாள். அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. வெட்டவும் மாட்டாள், நிலத்தை விடவும் மாட்டாள். அதனால்தான் ஜீப் சத்தம் கேட்டதும் சர்க்கரையைக் கொட்டிவிட்டு டின்னோடு ஓடினாள். கூட்டைத் தொடாமல் குருவியை மட்டும் கொஞ்ச நேரம் எங்காவது போகச் சொல்வது அவள் திட்டம். தெருப் பெண்கள் அவளுக்காகத்தான் வந்து நின்று தட்டினார்கள். அம்மா பேரில் கோபம் இருந்தும் வந்தார்கள்.

குருவிகள் மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சம்பிலேயே இறங்கின. குஞ்சை விட்டுவிட்டு எங்கே போகும்?

கோவிந்தராசு மாமாவின் பதிலைக் கேட்டுவிட்டு, பறவை சார் மொட்டைக் குளத்தைப் பார்த்தார். கரையில் குவிந்து காய்ந்த சம்பைப் பார்த்தார். போன வாரம் பார்த்த இடம் அல்லவா! என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "என்னாச்சும்மா? எதுக்கு வெட்டினாங்க?"

நான் சொல்லிவிட்டேன். சரணாலயம், வேலி, பட்டா, எல்லாவற்றையும்.

அவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது அழிஞ்சுபோற நெலைமையில இருக்குற பறவை இல்லைங்க. ஒலகம் பூரா எந்தப் பறவை ஆபத்துல இருக்கு, எது இல்லைன்னு தரம் பிரிச்சு வச்சிருக்காங்க. அதுல இது கவலைப்படத் தேவையில்லாத வகை. புடிச்சுக் கூண்டுல அடைக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்காக யாரும் ஒங்க நெலத்துல ஒரு குழி எடுக்க மாட்டாங்க. நான் பாக்க அழகா இருக்கேன்னு இவருக்குக் காட்டக் கூட்டிட்டு வந்தேன்."

வனத்துறைக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோவிந்தராசு மாமா மட்டும், "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல சார்" என்றார். பறவை சார், "சொல்லிருக்கலாம்" என்றார். அவர் குரல் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அவ்வளவு வருத்தப்பட்டு ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

இன்றும் போனில் தட்டிப் பார்த்தால் அந்தக் குருவி அதே வகையில்தான் இருக்கிறது. தப்பில்லை. வங்காளம், பர்மா, அதற்கு அப்பால் என்று எங்கெங்கோ இருக்கும் குருவி. அந்தத் தரம் உலகத்தைப் பார்த்துப் போட்டது. எங்கள் குளத்தைப் பார்த்துப் போட்டதல்ல.

சர்வேயர் கேட்ட கேள்வி

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். வெட்டின பங்குகளை எல்லாம் அளந்தார். சாகுபடி நிலம் என்று எழுதிக்கொண்டார். எங்கள் மூலைக்கு வந்ததும் சங்கிலியைச் சுருட்டச் சொல்லிவிட்டார்.

அம்மா குறுக்கே போய் நின்றாள். "எங்களுது இருக்குங்க."

"இது சம்பும்மா. சம்பு நின்னா கொளம். தரை தெரிஞ்சாத்தான் நான் சாகுபடின்னு எழுத முடியும்."

"குருவிக்காகவா விடுறீங்க?"

"எந்தக் குருவி?" என்றார் அவர். நிஜமாகவே அவர் அதைக் கவனித்திருக்கவில்லை.

கோவிந்தராசு மாமா நடுவில் புகுந்தார். "இன்னைக்கே ஆளை விட்டு வெட்டிருவோம் சார். நாளைக்கும் நீங்க பக்கத்து ஊருலதானே இருக்கீங்க. ஒரு எட்டு வந்து அளந்துருங்க. அக்கா, சரின்னு சொல்லுக்கா."

அம்மா சரி என்று சொல்லவில்லை. சர்வேயரிடம், "மருமக மாசமா இருக்கா" என்றாள்.

சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. இவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"என் பொண்ணுக்கு ஏழு" என்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப வெட்டாதீங்க. ஆனா அதை நான் எழுத முடியாது பாருங்க. மாசமா இருந்தாங்க, அதனால வெட்டலன்னு எந்த எடத்துல எழுதுறது?"

அடுத்த வருஷம் வந்து அளந்து தருவதாகச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் சித்திரைக்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்தது, அம்மாவைத் தவிர. அன்று அம்மா வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அண்ணிக்குப் பிறந்த பெண்பிள்ளைக்கு அப்போது முகம் பார்த்துச் சிரிக்கத் தெரியும். அதைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

யாராவது ஒருத்தி

அண்ணிக்குப் பிள்ளை பிறந்தாயிற்று. இனி வெட்டலாம். அடுத்த ஆவணியில் கோவிந்தராசு மாமா அரிவாளோடு வந்து நின்றார். "என் மக மாசமா இருக்கால்ல" என்றாள் அம்மா. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அண்ணனின் மச்சினியைச் சொன்னாளாம்! அவளும் ஒரு முறைக்கு மகள்தானே என்று பிறகு விளக்கம் வேறு.

அதற்கடுத்து அண்ணிக்கு இரண்டாவது பிள்ளை. அப்புறம் நிஜமாகவே நான். வேறு வீட்டுக்குப் போன பெண் கணக்கில் வராது என்றார் மாமா. "பெத்தது நான்தானே?" என்றாள். ஒரு வருஷம் யாரும் அகப்படவில்லை. "பசு செனையா இருக்கு" என்றாள். அதற்கடுத்து ஆடு. தெருவில் இது ஒரு வேடிக்கையாகிவிட்டது. ஆவணி பிறந்தால், "இந்த வருஷம் ஆரோக்கியம் வீட்டுல யாரு முழுகாம இருக்காங்க?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

அவளுக்குக் குருவிமேல் ஆசை வந்துவிட்டதா என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும், "நெல்லத் திங்கிற சனியன்" என்றுதான் சொல்லியிருப்பாள். கதிர் பிடிக்கும் மாதங்களில் அதே டின்னைத் தட்டி அதே குருவிகளை வயலிலிருந்து விரட்டுவாள். சம்பு பக்கம் மட்டும் போக மாட்டாள்.

அதற்குள் ஊர் மாறியது. அண்ணன் மஸ்கட்டிலிருந்து கனடா போனான், அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பட்டா வாங்கினவர்களின் பிள்ளைகள் திருப்பூர், சிங்கப்பூர், சென்னை என்று போனார்கள். நடவுக்கு ஆள் இல்லை என்று நிலங்களை விற்றார்கள். குளத்தின் மேட்டுப் பகுதி மனைகளாகி, மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று வளைவு வைத்தார்கள். குருவிக்கு எங்கள் மூலையைத் தவிர வேறு இடம் இல்லாமல் போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்து வேறெங்கும் அதைப் பார்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆவணி ஞாயிறு. நான் கும்பகோணத்திலிருந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கோவிந்தராசு மாமா வந்தார். நடை தளர்ந்துவிட்டது, கையில் செல்போன் வந்துவிட்டது. விடுபட்டவர்களுக்குப் பட்டா கொடுக்கப் பேச்சு நடக்கிறது, தாலுகா ஆபீஸில் சொல்லி வைத்திருக்கிறேன், சம்புவை வெட்டித் தரையைக் காட்டினால் இந்தத் தடவை நிச்சயம் என்றார். பொய்யில்லை. எங்கள் மூலை வழியாகத்தான் மனைகளுக்குப் பாதை வர வேண்டும். அதனால் அவருக்கும் அதில் ஆதாயம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

"யோசிக்காதக்கா. ஒன் பேருல வந்துரும். இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்துக் கெடந்த?" என்றார் மாமா. பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டு, "இப்ப ஒன் வீட்டுல மாசமா இருக்குறதுக்கும் யாரும் இல்லையே. மாடுகூட இல்ல" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கயிற்றுக்கொடியில் அம்மாவின் புடவை மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் பேறு, பிள்ளை என்று எதுவும் நடந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. 

கொல்லைப் பக்கமிருந்து ஓயாமல் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஏன் இல்லாம?" என்றாள் அம்மா. "அந்தா கத்துதே, அது மாசமாத்தானே இருக்கு?"

மாமா சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். "அப்பறம் எனக்குப் பட்டா வரலயேன்னு அழுவக் கூடாதுக்கா" என்றார்.

"எதுக்கு அழுவுறேன்? வெட்டலாமான்னு எங்கிட்டதானே கேக்க வந்துருக்க? நான் மாட்டேன்னு சொல்லிட்டேன். நீயும் திரும்பிப் போகப் போற. பட்டாவுல வேற என்ன தம்பி எழுதியிருக்கு?"